பேட்டரிக்குப் பத்து நிமிஷம்

மனைவி குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் வாத்தியாரின் கால் தானாகத் தரையை அழுத்துகிறது. நாற்காலியில் இருந்தாலும் சரி, கட்டில் விளிம்பில் இருந்தாலும் சரி, பாதம் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் ஓயும். பன்னிரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொள்பவரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பிப் பிழைத்த மனிதர்.

"நான் என்ன லாரியா ஓட்டறேன்? குழந்தையத்தானே தூக்கறேன்" என்பாள் மனைவி.

"பழக்கம்மா, பழக்கம்" என்று காலை மடக்கிக்கொள்வார்.

ஸ்டியரிங்கைத் தொட்டாலே வியர்த்துக் கொட்டும் ஆட்களை அவரிடம்தான் அனுப்புவார்கள். வாத்தியார் குரலை உயர்த்தவே மாட்டார். எதிரே வேன் வந்து முட்டப்போகிற நேரத்திலும், "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகாது. அப்படியே கிளட்ச்ச மிதிங்க" என்பார், காபிக்குச் சர்க்கரை கேட்கிற தொனியில்.

மகள் பிறந்த நான்காம் நாள் ஊரடங்கு வந்தது. பயிற்சி நின்றுபோனது. கார் உறையைப் போர்த்திக்கொண்டு கீழே வாசலில் கிடந்தது. உடனிருந்து பார்த்துக்கொள்ள வரவேண்டிய மாமியார், கட்டிய பெட்டியோடு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி மாட்டிக்கொண்டார். மாடி வீட்டில் மூன்றே பேர். அதில் ஒருவருக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அடுத்தவர் கண்ணை அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து சொல்கிறவள், சட்டைக்குள் அந்தக் குட்டிக் கையை நுழைக்கத் தெரியாமல் தவித்தாள். குளிப்பாட்டவோ குலைநடுக்கம். நழுவிவிட்டால்? ஈரத்துணியால் துடைத்தே நாளை ஓட்டினார்கள். மாமியார் வீடியோவில் வழிகாட்ட வந்தார். வாளியில் சாய்த்து வைத்த போன் சரிந்துகொண்டே இருந்தது.

"தலையப் பிடிடி! தலை எங்க? எனக்கு பல்புதான் தெரியுது!"

மனைவி கண் கலங்கும்போதெல்லாம் வாத்தியாரிடம் இருந்த மருந்து ஒன்றுதான். "ஒண்ணும் ஆகாதும்மா. பிரமாதமா பண்ற." அதைக் கேட்டதும் அவள் முகம் இன்னும் வாடும். ஏனென்று அவருக்குப் பிடிபடவில்லை.

தினமும் காலை பத்து மணிக்கு, "பேட்டரி இறங்கிடும், பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிட்டு வரேன்" என்று கீழே இறங்குவார். உறையை விலக்கி, சாவியைத் திருகிவிட்டு, சுற்றி வந்து தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். அப்புறம் கைக்குட்டையில் முகம் புதைத்து அழுவார். மகள் தும்மினாலே அவருக்கு நெஞ்சு நின்றுபோகிறது. அதைப்போய் யாரிடம் சொல்வது? இன்ஜின் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. பத்து நிமிடம் ஆனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவியைச் சுழற்றியபடி மாடியேறுவார்.

ஊரடங்கின் பன்னிரண்டாம் நாள், டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. மார்போடு மகளை அணைத்தபடி மனைவி ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.

"நானும் அழணும். இடம் இருக்கா?"

வாத்தியார் கைக்குட்டையை ஒளிக்கப் பார்த்தார்.

"விடுங்க. நாலு நாளா ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"உனக்குத் தைரியம் சொல்லணுமேன்னுதான்..."

"நல்லா சொன்னீங்க தைரியம்! நீங்க ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றப்பல்லாம், இந்த வீட்ல பயப்படற லூசு நான் ஒருத்திதான்னு நெனச்சேன். ஊர்ல எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் அம்மாவா இருக்க வரலையேன்னு..."

வாத்தியார் எட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். மகளின் விரல்களை மெல்ல விரித்துப் பார்த்தார்.

"எனக்கு அவ நகத்தப் பாத்தாலே பயமா இருக்கும்மா. வெட்டறப்ப விரல வெட்டிட்டா?"

"எனக்கு அவ விக்கல் எடுத்தாலே."

"விக்கலுக்கு நானும்தான்."

முதலில் அவள் சிரித்தாள், பிறகு அவர். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இருவருக்குமே தெரியவில்லை. மகள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனாள்.

அன்று மதியம் வெந்நீர் வைத்தார்கள். போனை அடுத்த அறையில் போட்டார்கள். அவர் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தார். நம்பாமல் அவளும் பார்த்தாள்.

"எனக்குக் கை நடுங்குது" என்றார் வாத்தியார்.

"எனக்கும்தான். தலை உங்களுது, உடம்பு என்னுது. சரியா?"

அவர் உள்ளங்கையில் தலை, அவள் முன்கையில் முதுகு. தண்ணீர் பட்டதும் மகள் திடுக்கிட்டு விழித்தாள், உதட்டைப் பிதுக்கினாள், அழலாமா என்று யோசித்து, பிறகு வேண்டாமென்று விட்டவள்போலக் காலை உதைக்கத் தொடங்கினாள். தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. "பிடிச்சிருக்கு! அவளுக்குப் பிடிச்சிருக்குங்க!" என்று மனைவி கத்தினாள்.

துவாலையில் சுருட்டி எடுத்தபோது மனைவியின் முகமெல்லாம் ஈரம். இரண்டு கையிலும் குழந்தை, துடைத்துக்கொள்ள வழியில்லை. வாத்தியார் துவாலையின் ஒரு முனையை இழுத்து மகளின் உச்சந்தலையை ஒற்றினார். பிறகு அதே முனையால் மனைவியின் நெற்றியை, கன்னங்களை, மோவாயை, அதே மெதுவாக ஒற்றி எடுத்தார்.