பேச விடாத சத்தமும் ருக்மணி அக்காவும்

விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது அக்காவின் மகன் போன் செய்தான். "சித்தி… அம்மா போயிட்டாங்க." சொல் புரிவதற்கு முன்பே அவன் குரல் தணிந்திருந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. விசைத்தறி ஓடும் வீட்டில் யாரும் மெல்லப் பேசுவதில்லை.

பள்ளிபாளையத்தில் ருக்மணி அக்காவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அவர் சத்தம் தெரியும். ஆத்தூரிலிருந்து நான் வாழ வந்த புதிதில், "ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களா?" என்று எதிர்வீட்டிலிருந்து அவர் கேட்டதைச் சண்டை என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன். "சாத்துனா உட்ருவனா? இன்னுங் கொஞ்சம் சத்தமாக் கேட்டேன்" என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

மத்தியானங்களில் இருவரும் என் மகளின் பழைய இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிப்போம். ஒருநாள் 'ஷவுட் டவுன்' வந்தது. 'ஷவுட் அட்' என்றால் ஒருவரைப் பார்த்துக் கோபமாகக் கத்துவது, அது தெரியும். இது வேறு. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கூச்சல் போட்டு, அவர் பேச்சு எடுபடாமல் அடக்கிவிடுவது. யாரை அடக்கினார்களோ அவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 'தே ஷவுட்டட் ஹர் டவுன்.' அக்கா புத்தகத்தை மூடினார். "நம்ம கோயில் கூட்டத்துக்குன்னே எழுதி வெச்சிருக்கறாங்க, சாமி."

அந்த வருஷ மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் அதுதான் நடந்தது. கோயில் முன் நட்ட கம்பத்துக்குப் பெண்கள் தண்ணீர் ஊற்றுவதை விடிவதற்குள் முடிப்பது வழக்கம். நைட் ஷிப்டில் தறி ஓட்டிவிட்டு விடிந்தபின் வரும் பெண்களுக்கு அம்மனுக்கு ஒரு குடம் ஊற்றக் கொடுத்துவைக்கவில்லை. கோயில் கணக்கு எழுதுகிறவள் என்று அவர்கள் என்னைப் பேசச் சொன்னார்கள்.

"ஷிப்டு முடிஞ்சு வர்றவங்களுக்கு…" அவ்வளவுதான்.

"உக்காரும்மா!"

"ஆத்தூர் வழக்கத்த இங்க கொண்டாராத!"

பாதி உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா எழுந்தார். ஒரு கத்துக் கத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்தார். கையை ஆட்டி ஏதோ சொன்னார். தறிக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு, வாய் அசைந்து சொல் கேட்காவிட்டால் கண் தானாக உதட்டுக்குப் போய்விடும். ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"என்னக்கா? என்ன சொல்றீங்க?" என்று தலைவர் முன்னால் குனிந்தார்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி. இவ சொல்லி முடிக்கட்டும்னேன்."

அந்த அமைதியில் சொல்லி முடித்தேன். அந்த வருஷம் வெயில் ஏறும்வரை கம்பத்தில் தண்ணீர் விழுந்தது. திரும்பி வரும்போது அக்கா சொன்னார்: "சாமிகிட்டப் பாதி சொன்னாலே போதும் கண்ணு. மனுசங்ககிட்ட முழுசாச் சொல்லிப் போடோணும்."

இப்போது மத்தியானமானால் காது எதிர்வீட்டுக்கே போகிறது. தறிகள் ஓடுகின்றன; அவற்றுக்கு மேலே எழும் அந்தக் குரலைத்தான் காணோம். பண்டிகைக் கூட்டம் வருகிறது. மறுபடியும் விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. உதட்டை அசைத்துக் கூட்டத்தை அடக்க எனக்கு வராது. அவர்கள் கத்தினால் நிறுத்துவேன், ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை உட்காரமாட்டேன். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.