தலத்தெருவின் பூனைத் தரகர்

என் வீட்டுக்காரரை ஏனாமுக்குத் தூக்கியடிக்கப் பார்த்தார்கள். லஞ்சம் வாங்கினார் என்றா? குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்றா? அதெல்லாம் இல்லை. வளர்ந்த பூனைகளை வீடு வீடாகக் குடி வைத்தார் என்று. இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த வருஷம் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பெயர் பூமிநாதன். காரைக்கால் மின்சார ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கு எடுக்கிறவர். சொந்த ஊர் போலகம். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, கல்யாணமான கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு தலத்தெருவில் குடி வந்தவர். சாது. அதிர்ந்து பேச மாட்டார். அந்தக் குறையை அவருக்கும் சேர்த்து நான் தீர்த்துவிடுவேன்.

எழுபத்தாறாம் வருஷம் என்று நினைக்கிறேன். ஊருக்குள் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் பத்ருன்னிசா அம்மாள் வீடு. கணவர் சிங்கப்பூரில் வியாபாரம். அந்த வீட்டில் பூனை மேல் யாரும் கை ஓங்க மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் வீடு மாற்றிப் போகிறவர்கள், மீன் சட்டியைப் பூனை உருட்டிவிட்டதென்று கோபம் வந்தவர்கள், எல்லோரும் பூனையைச் சாக்கில் கட்டி எடுத்துவந்து அவர்கள் கொல்லைச் சுவருக்குள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எல்லாம் வளர்ந்த பூனைகள். குட்டி என்றால் கேட்டு வாங்க ஆள் உண்டு. வளர்ந்ததை எவன் வாங்குவான்? அது ஒட்டாது, பழைய வீட்டுக்கே ஓடிவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அந்த வீட்டு மீட்டர் கொல்லைத் தாழ்வாரத்தில் இருந்தது. இவர் கணக்கெடுக்கப் போன அன்று மீட்டர் பெட்டி மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை படுத்து, வாலைச் சரியாக எண்ணுக்கு நேரே தொங்கவிட்டிருக்கிறது. இவர் சூ என்றார், தட்டினார், கெஞ்சினார். அது கொட்டாவி விட்டது.

"தம்பி, அது எறங்காது. நான் சொல்லியே எறங்கல" என்றாராம் பத்ருன்னிசா.

"கணக்கு எடுக்கணுமேம்மா."

"கணக்கையும் எடுங்க, அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. நீங்க வந்ததுலேர்ந்து ஒங்க மொகத்தையே பாக்குது பாருங்க. இதெல்லாம் நசீபு தம்பி, எழுதி வச்சது."

சாயங்காலம் ஆபீஸ் பையோடு வந்து நின்றார். பைக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்து என் வீட்டை ஒரு நோட்டம் விட்டது.

"குட்டியா இருந்தாலும் பரவால்ல. இவ்வளவு பெருச கொண்டாந்திருக்கீங்களே, நடுவயசுல வந்து இது எப்படிங்க இங்க குடித்தனம் பண்ணும்?" என்று கத்தினேன்.

"நீ கலியாணமாகி வந்து ஒரு வாரம் அடுப்படிய விட்டு வெளிய வந்தியா? இப்ப தெருவே ஒன் கைக்குள்ள இருக்கு. அதையும் கொஞ்சம் விடேன்" என்றார்.

பூனை அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ராத்திரி முழுக்கச் சத்தமே இல்லை. ஓடிப்போயிருக்கும் என்று சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாள் மத்தியானம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மெதுவாக வந்தது. என் முந்தானை தரையில் விரிந்து கிடந்த இடமாகப் பார்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது. அப்புறம் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரைக்காய் நறுக்கி முடித்தும் எழுந்திருக்க மனசில்லாமல், வெறும் அருவாமனை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே மகாராணி என்று பேரும் வைத்துவிட்டேன்.

குட்டி வளர்த்தவர்களுக்குத் தெரியும். திரைச்சீலையில் ஏறும், நூல்கண்டைக் குடலை உருவுவது போல உருவும், கண்ட இடத்தில் அசிங்கம் பண்ணும். வளர்ந்து எப்படிப்பட்ட குணமாக வரும் என்று யாருக்கும் தெரியாது. வளர்ந்த பூனையோ நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, அறுத்து, மூட்டையாகவே வீட்டுக்கு வந்த நெல் மாதிரி. வேண்டிய வேலையெல்லாம் வேறு யாரோ செய்து முடித்திருப்பார்கள். மகாராணிக்குக் கதவு எது, கொல்லை எது, சாப்பாட்டு வேளை எது என்று நான் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பால் சட்டி திறந்து கிடந்தால் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு, இதை மூடக்கூடாதா என்பது போல் பார்க்கும்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. எந்த வீட்டில் எலி, எந்த வீட்டில் தனிமை, எந்த வீட்டில் சண்டை என்று மீட்டர் பார்க்கிறவருக்குத் தெரியாதது உண்டா? பத்ருன்னிசா அம்மாள் கொல்லையில் எந்தப் பூனைக்கு என்ன குணம் என்பதையும் படித்துக்கொண்டார். அவ்வளவுதான், வரன் பார்க்கிற தரகராகவே ஆகிவிட்டார்.

அரிசிக் கடை மீரா சாகிப் எலி பிடிக்கக் குட்டி கேட்டார். "குட்டிய எலியே தூக்கிட்டுப் போயிரும் பாய்" என்று சொல்லி, தடித்த கழுத்துள்ள ஒரு பெரிய பெட்டையைக் கொண்டுபோய் விட்டார். மறுநாள் கடை திறந்தால், செத்த எலிகள் தராசுக்கு முன்னால் வரிசையாகக் கிடந்தன, எடை போட வைத்த மாதிரி. அதன் பிறகு மீரா சாகிப்பின் முதல் சலாம் அந்தப் பூனைக்குத்தான். தனியாக இருந்த அன்னபூரணி டீச்சருக்குத் தூங்குமூஞ்சி ஒன்று. அது விடைத்தாள் கட்டின் மேல் படுத்துவிட்டால் எழுப்ப டீச்சருக்கு மனசு வராது. அரைப்பரீட்சை மார்க் பொங்கலுக்கு அப்புறம்தான் வந்தது, பிள்ளைகள் பூனைக்குக் கும்பிடு போட்டார்கள்.

பூனை புது வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் மறுவீடு வேறு போவார். "மீட்டர் சரியா ஓடுதான்னு பாக்கணும்" என்று உள்ளே நுழைந்து, மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து, "என்னம்மா, சாப்புடுறியா?" என்பார். வீட்டுக்காரர்களும் சம்பந்தி வந்த மாதிரி காப்பி போட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்குத் திரும்பி, "ஒட்டிக்கிச்சு அமுதம், ஒட்டிக்கிச்சு!" என்று ஆபீஸ் சட்டையோடு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடுவார். நாற்பதை நெருங்குகிற மனுஷன்.

இப்படியே தலத்தெருவில் பாதி வீட்டுக்குப் பூனை வந்துவிட்டது. இங்கேதான் வந்தது வினை.

எதிர்வீட்டில் தெட்சிணாமூர்த்தி ஐயா. மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி ஆபீஸில் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒற்றை ஆள், சுத்த சைவம், வெளியே கிளம்பினால் கோட்டு, குடை. சகுனம் பார்ப்பதில் அவரை மிஞ்ச முடியாது. பூனை குறுக்கே போனால் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். முன்பெல்லாம் எப்போதாவது ஒரு டம்ளர். இப்போது படியிறங்கினால் அன்னபூரணி டீச்சர் பூனை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் எங்கள் மகாராணி. மறுபடி தண்ணீர். மூன்றாவது தடவை பூனை வரவில்லை என்றால், குடித்த தண்ணீர் அவரை உள்ளே இழுக்கும்.

அந்த வைகாசியில் போலகத்தில் அவர் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கிளம்பியவரைத் தெருப் பூனைகள் முறை வைத்துத் தடுத்திருக்கின்றன. அவர் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தி முடிந்து, அண்டாவைக் கவிழ்த்துவிட்டார்கள். பாயசம் இல்லை. மோருஞ்சோறு மட்டும் கிடைத்ததாம். அன்று சாயங்காலமே உட்கார்ந்து மின்சார ஆபீஸுக்குப் புகார் எழுதினார். அரசாங்க நேரத்தில், அரசாங்கப் பையில் பூனை கொண்டுவந்து விட்டு, குடிமக்களின் நடமாட்டத்துக்குப் பூமிநாதன் இடைஞ்சல் செய்கிறார் என்று.

புதுச்சேரி அரசாங்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு மாஹே, ஏனாம் என்று இரண்டு பூச்சாண்டிகள் உண்டு. ஒன்று மலையாளக் கரையில், மற்றது தெலுங்குச் சீமையில். பாண்டிச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வரப்போகிறார், புகார் கொடுத்தவர் நேரில் வந்து சொன்னால் ஏனாம் நிச்சயம் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். எங்கள் மகள் அல்லி ஆறாம் வகுப்பு. தெலுங்கில் ஓர் எழுத்துத் தெரியாது. எனக்கோ, சண்டை போடப் பாஷை தெரியாத ஊரில் எப்படிக் காலம் தள்ளுவது?

"எல்லாம் ஒங்க பூனையால வந்தது!" என்று அவரைப் பிடித்து உலுக்கினேன். "அவரு வாசல்ல ஒரு கடுவன் பூனையக் கொண்டு போயி காவலுக்கு வைங்களேன். வேற பூனை ஒண்ணும் அந்தப் பக்கம் வராது. எல்லாம் தீந்துரும்!"

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் கண்ணில் பல்பு எரிந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்.

பத்ருன்னிசா கொல்லையில் ஒரு கடுவன் இருந்தது. பிரான்சுக்குப் போய்விட்ட ஒரு பட்டாளத்துக் குடும்பம் விட்டுப்போனது. பிரெஞ்சுப் பட்டாளத்து ஆளை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பூனைக்கும் அதே பெயர். பாதிக் காது கிடையாது, மூக்கில் தழும்பு, நடந்தால் மற்ற பூனைகள் வழி விடும். "சண்டைக்காரன்தான் தம்பி. ஆனா வூட்டு மனுசருக்கு ஒரு கீறல் போட்டதில்ல" என்று சொல்லி அந்த அம்மாளே கூடையில் ஏற்றிவிட்டாராம்.

இவர் கூடையோடு எதிர்வீட்டுப் படியில் நின்றார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

"பூனையத் தடுக்கப் பூனையா? என்னப்பா, கேலி பண்றியா?" என்றார் தெட்சிணாமூர்த்தி ஐயா.

"இல்லீங்கய்யா. கடுவன் நிக்கிற எடத்துல வேற பூனை கால் வைக்காது. குட்டியால இது முடியாதுங்க. இவன் வந்த அன்னைக்கே வேலையில சேந்துருவான்."

"இதுவே குறுக்க போனா?"

"வீட்டு ஆளு குறுக்க போனா சகுனமாங்கய்யா?"

ஐயா உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். சொந்தப் பூனையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. வெளியே வந்து, "பூனையும் இருக்கட்டும், புகாரும் இருக்கட்டும்" என்றார்.

சொல்தா முதல் இரண்டு நாள் பீரோவுக்கு அடியில் கிடந்தது. அப்புறம் வாசல்படியில் வந்து உட்கார்ந்தது. மகாராணி ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அது எழுந்திருக்கக்கூட இல்லை, ஒரு பார்வை பார்த்தது. மகாராணி தன் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. ஐயா கோட்டும் குடையுமாக நேராகப் படியிறங்கி, நேராகக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார். முகத்தில் ஒரே பூரிப்பு.

அடுத்த வாரம் மண்டபத்தூரிலிருந்து வரும் மீன்காரி சின்னப்பிள்ளையை ஐயா கைசாடையில் கூப்பிட்டார். நான் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தேன். குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் நெத்திலி. மருந்துக்கு" என்றார்.

சின்னப்பிள்ளைக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது. "யாருக்கு மருந்து? படியில குந்தியிருக்காரே, அந்தத் தொரைக்கா?" என்று தெருக்கோடிவரைக்கும் கேட்கக் கேட்டாள். ஐயா வேட்டி தடுக்க உள்ளே ஓடினார். ஆனால் நெத்திலியை வாங்கிக்கொண்டுதான் ஓடினார்.

அதற்கப்புறம் அவர் மறைக்கவே இல்லை. சாயங்காலம் சாய்வு நாற்காலியில் அவர், அவர் வயிற்றின் மேல் சொல்தா. அதனிடம் பிரெஞ்சில் ஏதோ படித்துக் காட்டுவார். கிளம்பும்போது அது காலில் சுற்றும், முன்னால் ஓடும், குறுக்கே நடக்கும். "நம்ம வீட்டு ஆளு, இவனுக்குச் சகுனம் கெடையாது" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னார். சிரித்துப் பேசினார். புகாரைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நான் என் வாயை அடக்கிக்கொண்டது அப்போது ஒரு தடவைதான். அவர் எழுதியதை அழித்து எழுதுகிற ஜாதி இல்லை, மேரியில் எழுதிப் பழகிய கை.

விசாரணை நாள் வந்தது. இவர் சாப்பிடாமல் ஆபீஸுக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. ஐயா கோட்டு, குடை, கையில் காகிதக் கட்டோடு வெளியே வந்தார். தெலுங்குக்காரி ஆகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

சொல்தா எழுந்தது. உடம்பை முறுக்கிச் சோம்பல் விட்டது. தினமும் நடக்கிற மாதிரியே, அவருக்கும் ரிக்ஷாவுக்கும் நடுவே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்து போனது.

ஐயா நின்றார். பூனையைப் பார்த்தார். பிறகு தெருவைத் தாண்டி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"பூனை குறுக்க போயிருச்சுப்பா. இன்னைக்கு வர்றதுக்கில்ல" என்று ரிக்ஷாக்காரரிடம் சொல்லிவிட்டுப் படியேறினார்.

"அப்ப நாளைக்கு வரட்டுங்களா ஐயா?"

அவர் திரும்பிப் பார்க்காமலே கோட்டைக் கழற்றினார். "நாளைக்கும் போவும்."