தண்ணீர் கேட்காத வண்டியும் ரேடியேட்டர்காரரும்

நிலவழகன் டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் ஏற்கெனவே நீளமாக இழுத்து ஆற்றிக் கொடுத்த டீதான். ஆனாலும் இன்னொரு கிளாஸைக் கேட்டு வாங்கி, அதற்கும் இதற்குமாக ஊற்றி, கிளாஸைப் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். சோறும் அப்படியே. தட்டில் பரத்தி, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, வேறு வேலை பார்க்க எழுந்து போய்விடுவார். "சூடு வயித்துக்கும் ஆகாதுங்க, எஞ்சினுக்கும் ஆகாது, பேச்சுக்கும் ஆகாது" என்பது அவர் கட்சி. மூன்றாவது விஷயத்தில் மட்டும் அவர் தன் கட்சிக்கு ஓட்டுப் போட்டு யாரும் பார்த்ததில்லை.

ஆலங்குடியில், புதுக்கோட்டை போகும் சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டு ரேடியேட்டர் பட்டறை நடத்துகிறார். தேங்காய் லாரி, டிராக்டர், போர் போடும் வண்டி, பள்ளிக்கூட வேன் என்று வழியில் புகைந்து நின்ற எதுவும் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, உள்ளே காற்றை ஏற்றிவிட்டு, குமிழி எங்கே வருகிறது என்று குந்தியிருந்து பார்ப்பார். குமிழி தெரிந்ததும் அவர் முகம் மலரும். வண்டிக்காரர் முகம் வாடும். இப்படித் தண்ணீரை நம்பியே தலை நரைத்த மனிதர், சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத ஒரு வண்டியின் மேல் ஆசை வைத்தார்.

வண்டி, புதுக்கோட்டையில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் வைஷ்ணவியுடையது. அவருடைய அப்பா ரகுநாத், நாட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு தூதரக அதிகாரியிடம் ஒரு காலத்தில் வாங்கியது. முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும் மகளிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். அரை நூற்றாண்டு வயதான ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். தாவப் போகும் தவளை மாதிரி உட்கார்ந்திருக்கும். எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால், ஸ்டியரிங் இடப்பக்கம். ரேடியேட்டர் என்ற பேச்சே கிடையாது. பின்னாலிருந்து ஒரு விசிறி காற்றடிக்கும். மிச்சமுள்ள சூட்டை எஞ்சின் ஆயிலே சுமந்துகொண்டு திரிய வேண்டும். ஜெர்மனிக் குளிருக்கு அது தாராளம். புதுக்கோட்டை வெயிலில் அந்த ஆயில் வடை சுடும் பதத்துக்கு வந்துவிடும்.

முதல் தடவை அது அவர் பட்டறைக்கு வந்தது, பட்டறை அங்கே இருந்ததால்தான். சாலையில் நின்றுவிட்ட வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். நிலவழகன் பழக்கதோஷத்தில் முன்பக்கத்தைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்டெப்னியும் ஒரு பெட்டி பல்பசையும் இருந்தன.

"தண்ணி எங்கிட்டும்மா ஊத்துறது?"

"ஊத்தவே வேணாம்ணே. காத்துதான்."

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். எஞ்சின் ஆறுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். அன்று வீட்டில் சோறு மின்விசிறிக்குக் கீழே விறைத்துப்போன பிறகும் சாப்பிடாமல் எதையோ யோசித்துக்கொண்டிருந்ததாகவும், கேட்டதற்கு "ஒரு வண்டியப் பாத்தேன்" என்றதாகவும் அவர் மனைவி பிரகதீஸ்வரி சொல்வார். சொன்ன தொனியைக் கேட்டு, பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையோ என்று நினைத்தாராம்.

அதன்பிறகு வண்டி அடிக்கடி நின்றது. நின்ற இடத்திலிருந்து வைஷ்ணவி அப்பாவுக்குப் போன் செய்வதும் வழக்கமாயிற்று. ஒரு கட்டத்தில் ரகுநாத் அலுத்துவிட்டார். கோயம்புத்தூரில் பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியை ஆலங்குடியிலிருந்து கொடும்பாளூர் வரை ஓட்டிக்கொண்டு போ, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடாமல் போய்ச் சேர்ந்தால் நீயே வைத்துக்கொள், தொட்டால் கோயம்புத்தூர்க்காரர் லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வைஷ்ணவிக்கு அது சின்ன வயதில் பின்சீட்டில் தூங்கிய வண்டி. நிலவழகனுக்கோ, இந்தப் பக்கத்தில் வேறு எந்தப் பட்டறைக்கும் வாய்க்காத வண்டி. அது போய்விட்டால் மிச்சம் தேங்காய் லாரிதான்.

வெளியே ஒரு ஆயில் கூலர் பொருத்துவது என்று முடிவாயிற்று. ஆயிலைப் பின்னாலிருந்து குழாய் வழியே முன்னால் கொண்டுவந்து, ஓடுகிற காற்றில் காட்டி ஆற்றி, திருப்பி அனுப்ப வேண்டும். "டீ ஆத்துற மாதிரிதாம்மா. இந்த கிளாசுக்கும் அந்த கிளாசுக்கும் கொஞ்சம் தூரம் சாஸ்தி, அம்புட்டுத்தான்." வைஷ்ணவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பாடியில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. நாளெல்லாம் ஊரார் பல்லில் துளை போடுகிறவர் இதைச் சொன்னபோது நிலவழகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தன் கடைவாய்ப் பல்லில் அவரிடம் வேலை பாக்கி இருந்ததால் அடங்கிவிட்டார்.

கதிர் அறுக்கும் மெசின் ஒன்றை உடைத்துப் போட்ட இடத்தில் கூலர் கிடைத்தது. மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றி, வெளியே வருவது தெளியும் வரை கழுவினார். ஜேசிபிக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடையில் உட்கார்ந்து, நீள ஹோஸ்களுக்கு முனைப் பூட்டுகளை அழுத்திப் பொருத்தி வாங்கினார். முன் பம்பருக்கு ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே இரும்புப் பட்டை கொடுத்துக் கூலரைத் தொங்கவிட்டார். ஆயில் சூடானால் மட்டும் திறந்து கூலருக்கு வழிவிடும் வால்வு ஒன்று நடுவில் உண்டு. அது திறக்கிறதா என்று பார்க்க, பிரகதீஸ்வரியின் பால் சட்டியில் கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சோதித்தார். வால்வு ஒழுங்காகத் திறந்தது. பிரகதீஸ்வரியும் வாயைத் திறந்தார். அந்த வாரம் அவர் வீட்டில் காபி கடையிலிருந்து வந்தது.

எல்லாம் பூட்டி முடித்த அன்றைக்கு ஆயுத பூஜை.

நிலவழகனுக்குச் சாமி கிடையாது. பிரகதீஸ்வரியைக் கோயிலில் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் டீ ஆற்றுகிறவர். ஆனால் ஆயுத பூஜை வந்துவிட்டால் அந்தச் சாலையில் அவர் பட்டறைக்கு ஈடு எதுவும் நிற்காது. "சாமி இல்லைங்க, அது வேற. ஸ்பேனருக்கு மரியாதை செய்யணும்ல?" என்பார். ஸ்பேனர், குறடு, கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியாகக் கூலரிடம் வந்தார். அவர் கையால் அமைத்தது. அலுமினியத் தகடுகள் வரிவரியாகப் பளபளத்தன. அதற்கு ஒரு பொட்டு போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை. குழைத்த சந்தனத்தை உள்ளங்கையில் அள்ளி மூன்று பட்டையாக இழுத்தார். இடைவெளி கண்ணை உறுத்தியதால் அதையும் நிரப்பினார். நடுவில் குங்குமம்.

கோயில் கோயிலாகப் போகிற பிரகதீஸ்வரி, வீட்டில் பிரிட்ஜுக்கு ஒரு பொட்டு வைத்து அத்தோடு பூஜையை முடித்தவர். காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். "சாமியே இல்லங்கிற மனுசன் ஒரு கிண்ணம் சந்தனத்த ஒத்த ஆளாத் தீத்துட்டீங்க" என்றார்.

மறுநாள் காலை, புறப்படுவதற்கு முன் நிலவழகன் பம்பரில் கிடந்த சாமந்தி மாலையைக் கழற்றிக் கம்ப்ரசர் மேல் போட்டார். காற்றை மறைக்குமாம். இவ்வளவு நுணுக்கமாக யோசித்த மனிதர், வண்டிக்கு முன்னால் குனிந்து கூலரையும் ஒருமுறை கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

வைஷ்ணவி இடப்பக்கம் ஓட்ட, வலப்பக்கத்தில் நிலவழகன். எதிரே வந்த பஸ் டிரைவர்கள், டிரைவர் உட்காரும் இடத்தில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் பார்த்துப் பேசிக்கொண்டு வருவதைக் கண்டு ஹாரனில் கைவைத்தார்கள். லாரியை முந்தும்போது எட்டிப் பார்த்து அனுமதி கொடுப்பது அவர் வேலை. "வாங்க, வாங்க… இருங்க, பால் வண்டி வருது… ம், இப்ப வாங்க." போக்குவரத்து குறைவு என்று வல்லத்திராக்கோட்டைப் பக்கம் சுற்றிப் போகச் சொன்னதும் அவர்தான். முந்திரிக் காடு கடந்தது. முள் நடுவைக் கடந்தது. அதன்பிறகு அது நிற்பதாகத் தெரியவில்லை.

நிலவழகன் முள்ளைப் பார்க்காமல் இருக்க முயன்று, வெளியே காய்ந்துகொண்டிருந்த கடலையைப் பற்றிப் பேசினார். பிறகு வால்வைச் சந்தேகித்தார். ஹோஸ் கடைக்காரரின் கைப்பழக்கத்தைக் குறை சொன்னார். ஜெர்மன்காரர்களைப் பற்றிக்கூடச் சில வார்த்தைகள் சொன்னார். முள் சிவப்பைத் தொட ஒரு விரற்கடையே இருந்தபோது வைஷ்ணவி ஒரு பம்ப்செட் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவ்வளவுதானாண்ணே?"

நிலவழகன் இறங்கினார். பின்னால் போய் வால்வைத் தொட்டார். சுட்டது. அப்படியானால் வால்வு திறந்துதான் இருக்கிறது. ஹோஸைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். அதுவும் சுட்டது, ஆயில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கூலரின் முன் குந்தினார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வைஷ்ணவி இறங்கி வந்து பார்த்தார். சுவருக்குப் பட்டி பார்த்ததுபோல், தகடுகளின் சந்து ஒன்று விடாமல் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நல்ல மணம்.

"இது யார்ணே பூசுனது?"

"நாந்தாம்மா." நடுவில் இருந்த குங்குமத்தைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் மரியாதை சாஸ்தியாப் போச்சு" என்றார்.

வைஷ்ணவிக்கு முதலில் கோபம் வந்தது. அது பாதி வழியிலேயே சிரிப்பாக மாறி, பிறகு அடக்க முடியாமல் போய், பம்பரைப் பிடித்துக்கொண்டார். நிலவழகனுக்குச் சிரிப்பு வரவில்லை. சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் அலுமினியம் விரிசல் விட்டுவிடும் என்று, அவர் வாழ்நாளிலேயே முதல்முறையாக, எதையும் ஊற்றாமல், விசிறாமல், தானாக ஆறட்டும் என்று காத்திருந்தார். தோட்டத்துக்கார அம்மாள் மோட்டாரைப் போட்டு ஒரு குடம் பிடித்துக் கொடுத்தார். வைஷ்ணவி முன் டிக்கியிலிருந்து, பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த டூத்பிரஷ் இரண்டை எடுத்துவந்தார். நிலவழகன் ரேடியேட்டர் தேய்க்கிற வேகத்தில் குறுக்கே தேய்க்க, வைஷ்ணவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"குறுக்க இல்லண்ணே. மேலருந்து கீழ, அழுத்தாம. எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"பல்லுக்குத்தானம்மா சொன்னீங்க."

"இதுவும் பல்லுதான்."

இருவரும் சாலையோரத்தில் குந்தி, தண்ணீரே வேண்டாத வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிப் பல் தேய்த்துவிட்டார்கள். மஞ்சள் நீர் வரப்பில் ஓடியது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். விளக்கம் சொல்லும் நிலையில் இருவரும் இல்லை.

அதன்பிறகு புதுக்கோட்டையைக் கடந்து கொடும்பாளூர் வரை முள் நடுவில் படுத்துத் தூங்கியது. மூவர் கோயிலுக்குச் சற்று முன்னால் ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலேயே வைஷ்ணவி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு முள்ளைக் காட்டினார். ரகுநாத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எஞ்சின் ஓடுதா? ஆஃப் பண்ணிட்டுக் காட்டலியே?"

"சத்தம் கேக்கலியாப்பா?"

அவர் கொஞ்சநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். "சரி. கோயம்புத்தூருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். வழியில் நின்றதுண்டா என்று அவர் கேட்கவில்லை. மகளும் சொல்லவில்லை.

வைஷ்ணவி இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டார். "போகையில நீங்க ஓட்டுங்கண்ணே."

"நானா? இங்கிட்டு உக்காந்து எனக்குப் பழக்கமில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே நிலவழகன் வண்டியைச் சுற்றி வந்துவிட்டார். கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு செருப்பைக் கழற்றி, வேப்பமரத்தடியில் ஜோடியாக ஒதுக்கி விட்டு, வலது காலை முதலில் வைத்து ஏறி உட்கார்ந்தார். கியரைப் போட்டார். வண்டி ஆலங்குடியைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது. செருப்பு மரத்தடியிலேயே கிடந்தது.