நான் மந்தம் என்று எழுதிய காவேரியைத் தேடி, குந்தாரப்பள்ளிச் சந்தை வழியாக

ஐம்பத்தைந்தாம் வருஷம் தை மாதம், பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் கிருஷ்ணகிரிப் பக்கம் போய் வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. நான் செய்தது சரிதான் என்று நிரூபிக்கப் போனேன். போன காரியம் உருப்படவில்லை. அதற்காக இன்றுவரை சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நம் தொழிலில் இருக்கும் வேறு யாராவது அந்தப் பக்கம் பிள்ளைகளைத் தேடிப் போவதாக இருந்தால் உதவுமே என்று நேரம், தூரம், கட்டணம் எல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

சென்னையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் ஐந்து வருஷமாக ஆசிரியையாக இருக்கிறேன். என் சொந்தக்காரர்கள் இதைக் கல்யாணம் ஆகும்வரை செய்கிற தர்ம காரியம் என்று நினைக்கிறார்கள். எனக்கோ இதுதான் ஆயுள் முழுக்கத் தொழில். வருஷத்துக்கு ஓர் ஆசிரியருக்கு மட்டும் மேல்பயிற்சியும் ஆராய்ச்சிக்கு உதவித்தொகையும் தருவார்கள். அதற்கு நாற்பது பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். காது கேளாத பிள்ளை எது, மந்தபுத்திப் பிள்ளை எது என்று எண்களை வைத்துப் பிரித்தறிய நானே ஒரு தேர்வு உருவாக்கியிருந்தேன். கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான். தேர்வுக் குழுவினர் படித்துவிட்டு, "நீங்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள், பிறகு யோசிக்கலாம்" என்றார்கள். பதிவேட்டைப் புரட்டினேன். மிக உறுதியாக நான் எழுதியிருந்த குறிப்பு காவேரியைப் பற்றியது. வயது பத்து, ராயக்கோட்டைக்கு அருகே கிராமம், தகப்பன் மாரப்பன், விவசாயம், மாட்டு வியாபாரம். 'எண்ணறிவு இல்லை. ஆசிரியையின் கையைப் பிடித்து முந்தானைக்குள் இழுக்கும் வினோதப் பழக்கம். மந்தபுத்தி. சேர்க்கத் தகுதியில்லை.' இவளைப் பார்த்துவிட்டு வந்தால் குழு வாயை மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குச் சென்னையில் ரயில் ஏறினேன். ஜோலார்பேட்டைக்கு மூன்றாம் வகுப்பில் மூன்று ரூபாய் பன்னிரண்டணா. பன்னிரண்டரைக்கு இறங்கி, ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். கிருஷ்ணகிரிக்கு இருபத்தெட்டு மைல், பதினான்கணா. சாலையில் புழுதி அதிகம். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போகாதீர்கள், நான் கட்டிக்கொண்டு போனேன். பழையபேட்டையில் எங்கள் பள்ளித் தையல் ஆசிரியையின் அக்கா வீட்டில் தங்கினேன். அந்த அக்காதான், மாட்டு வியாபாரியை வெள்ளிக்கிழமை வீட்டில் போய்த் தேடினால் கிடைக்கமாட்டான், குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போ என்று சொன்னார்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் குந்தாரப்பள்ளி எட்டு மைல், நாலணா. காலை ஆறரை பஸ்ஸில் போய்விட வேண்டும். அடுத்ததில் ஆட்டுக்குட்டிகளோடு உட்கார வேண்டியிருக்கும். கண்டக்டர் ஒரே ஆளிடம் தமிழில் கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் சண்டை போட்டார். என்னைப் பார்த்து, "சந்தைக்கா போறீங்கம்மா? காய்கறி இந்தாண்ட. மாடு அந்தாண்ட. பொம்பளைங்க அந்தாண்ட போவமாட்டாங்க" என்றார். அந்தாண்டதான் போகவேண்டும் என்றேன். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாட்டுச் சந்தையின் ஓரத்தில் மூக்கணாங்கயிறு விற்கும் அம்மாள் ஒருத்தியின் கடையருகே ஒதுங்கி நின்றேன். எதிரே இரண்டு பேர் ஒரு ஜோடிக் காளைக்கு முன்னால் கைகுலுக்குவதுபோல் நின்றிருந்தார்கள். இருவர் கையின் மேலும் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. வாய் பேசவில்லை. துண்டு மட்டும் அசைந்தது. ஒருவர் தலையை ஆட்டுகிறார், மற்றவர் முகத்தைச் சுளிக்கிறார், மறுபடி துண்டு அசைகிறது.

"அவங்க என்ன பண்றாங்க?" என்று கயிற்றுக்கார அம்மாளைக் கேட்டேன்.

"வெல பேசறாங்க. ஒரு வெரல புடிச்சா ஒண்ணு, ரெண்ட புடிச்சா ரெண்டு. முழுக் கைய புடிச்சா அஞ்சு. பத்தா நூறான்னு மாட்டப் பாத்தாலே தெரிஞ்சுபூடும். பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியக்கூடாதில்ல, அதுக்குத்தான் துண்டு."

காவேரி நினைவுக்கு வந்தாள். சென்னையில், என் தேர்வு அறையில், மேஜைமேல் கோலிக்குண்டுகளைப் பரப்பி, எத்தனை என்று விரலில் காட்டு என ஜாடை செய்தேன். அந்தப் பெண் கோலிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையைப் பிடித்து என் முந்தானைக்குள் இழுத்து விரல்களை அழுத்தினாள். மூன்று முறை. மூன்று முறையும் நான் கையை உதறினேன். அவள் எனக்கு விடை சொல்லியிருக்கிறாள். பெற்றவர்கள் உள்ளே இருந்தால் ஜாடை காட்டிவிடுவார்கள் என்று மாரப்பனை வெளியே உட்கார வைத்ததும் நானே. பெரிய மேதாவி என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாரப்பனைத் தேடிப் பிடித்தபோது மணி பத்தாகியிருந்தது. உயரமான மனிதர், பச்சைத் துண்டு. என்னைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்க குடுத்த காயிதம் வூட்டுக் கூரைல சொருகியிருக்குது. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, மெட்ராஸ்லயே மந்தம்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு. இன்னும் இன்னா எழுதணும்?"

"தப்பு என்னோடதா இருக்கும்னு தோணுது. இன்னொரு தடவை அவளைப் பார்க்கணும்."

அவர் காளையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். "நாளைக்கு வூட்டுக்கு வாங்க. ஒரே ஒரு தபா. அப்பறம் எங்கள வுட்டுடணும்" என்றார்.

சனிக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைக்கு ஏழு மணி பஸ். பதினெட்டு மைல், ஒன்பதணா. பாதி வழியில் மலைக்கோட்டை கண்ணில் பட ஆரம்பிக்கும். போகிற எல்லாரும் அதில் ஏறிப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் ஏறவில்லை, அதைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மாரப்பன் ஊருக்கு இரண்டு மைல் நடை, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே. அந்த இரண்டு மைலும் என் மனம் ஒரு நிலையில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு எண் தெரியாவிட்டால் என் கட்டுரை பிழைக்கும். தெரிந்தால் நாற்பது பக்கமும் குப்பை, உதவித்தொகை கைநழுவிப் போகும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஊருக்குள் நுழையும்வரை எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் காவேரி நின்றாள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த நொடியில் எனக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிட்டது, என் கட்டுரைதான் தோற்க வேண்டும்.

களத்தில் உட்கார்ந்தோம். அக்கம்பக்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். ஏழு புளியங்கொட்டையைத் தரையில் வைத்து, எத்தனை என்று ஜாடையில் கேட்டேன். அவள் கூட்டத்தைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். கை பின்னாலேயே இருந்தது. யாரோ ஒருவர் சிரித்தார். மாரப்பன் எழுந்துவிட்டார்.

"துண்டைக் கொடுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தோளில் கிடந்ததை நானே கேட்டு வாங்கி, என் கையை நீட்டி அதன்மேல் போர்த்தினேன். காவேரி நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு சந்தேகம். பிறகு அவள் கை துண்டுக்குள் வந்தது. முழுக் கையையும் பிடித்தாள். விட்டாள். இரண்டு விரலைப் பிடித்தாள். ஏழு.

எட்டுக் கொட்டை வைத்தேன், பக்கத்தில் ஐந்து வைத்தேன், இரண்டையும் கையால் சேர்த்துக் காட்டினேன். முழுக் கை, முழுக் கை, மூன்று விரல். பதினேழிலிருந்து ஒன்பதை எடுத்து மறைத்தேன். மீதியை எண்ணிக்கூடப் பார்க்காமல் எட்டு என்று பிடித்தாள். பிறகு கொட்டையே இல்லாமல், துண்டுக்குள் விரலாலேயே இரண்டு எண்களைச் சொல்லி, சேர்க்கும்படி ஜாடை காட்டினேன். நான் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அவள் என் விரல்களை நீவி நேராக்கி, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்புறம் விடையைச் சொன்னாள். நான் அழுதேன். அத்தனை பேர் முன்னால் அழுவதற்கு வெட்கமாகவே இல்லை.

"எல்லார் எதிர்லயும் ஏன் காட்டமாட்டேங்கறா?" என்று அவள் அம்மாவைக் கேட்டேன்.

அம்மா மாரப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "நாலு வயசுல இவருகூட சந்தைக்குப் போனா. அப்பன் துண்டுக்குள்ள சொன்னத இவ எல்லார்க்கும் தெரியற மாதிரி வெரல நீட்டிக் காட்டிட்டா. பேரம் கெட்டுபோச்சு. கைமேல ஒண்ணு வெச்சாரு. அன்னிலருந்து துண்டில்லாம வெரல காட்டறதில்ல."

மாரப்பன் உள்ளே போய்க் கூரையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நான் அதைக் கிழிக்கவில்லை. 'இது தேர்வாளரின் தவறு' என்று அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூடியிருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தவர்தான் முதலில் எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த வழியே திரும்பினேன். நாற்பது பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு, என் தேர்வு எங்கே தோற்றது என்று இருபத்திரண்டு பக்கம் புதிதாக எழுதிக் கொடுத்தேன். அதிகப் பிரசங்கித்தனம் என்று சக ஆசிரியை ஒருத்தி எச்சரித்தாள். குழுவினர் என்னை இரண்டு மணி நேரம் குடைந்தார்கள். தலைவர் கடைசியில் தன் அங்கவஸ்திரத்தை எடுத்து மேஜைமேல் போட்டு, "எங்கே, ஒன்பதைக் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. அன்றைக்குப் பள்ளி முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளிக்கிழமையை விட்டுவிடாதீர்கள், சந்தை பத்து மணிக்கெல்லாம் கலைய ஆரம்பித்துவிடும். ராயக்கோட்டையிலிருந்து கடைசி பஸ் நாலரைக்கு. தெலுங்கோ கன்னடமோ பத்து வார்த்தை தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் அங்கே யாரும் கைவிடமாட்டார்கள். தேர்வுச் சாமான்களைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, முதல் நாள் முழுக்கப் பிள்ளையின் வீட்டார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பெற்றவர்களை வெளியே உட்கார வைக்காதீர்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று மாரப்பனும் காவேரியும் வந்தார்கள், கையில் ஒரு தகரப் பெட்டி. சேர்க்கைப் புத்தகத்தில் பெயர் ஏறியதும் மாரப்பன் வாசலில் நின்று, "எத்தினி வருசம் ஆவும்?" என்று கேட்டுக்கொண்டே துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். எட்டு என்று பிடித்தேன். பெண்ணைப் பிரிந்திருக்க முடியாத தகப்பன், ஐந்து என்று திருப்பி அழுத்தினார். நான் எட்டிலேயே நின்றேன். காவேரி இருவர் முகத்தையும் பார்த்தாள். அப்பா பொங்கல் பானை பொங்குவதுபோல் கையால் காட்டி, பள்ளியைக் காட்டி, எத்தனை பொங்கல் இங்கே என்று அவளிடமும் கேட்டார். அவள் துண்டுக்குள் கையை விட்டு, அப்பாவின் கையை விலக்கிவிட்டு, என் கையை முழுதாகப் பிடித்தாள். விட்டாள். மறுபடி முழுதாகப் பிடித்தாள்.

"பத்தாம்" என்றார் மாரப்பன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. "பேரம் படிஞ்சுபோச்சு."