என் பெயர் எழுதிய குழாய்

கல்முனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் நோயாளியின் இரத்தம் என்னிடம்தான் வரும். முன்பெல்லாம் இதயத் தசையிலிருந்து கசியும் ஒரு நொதியை அளந்தோம். இப்போது ட்ரோபோனின் என்கிற புரதத்தைப் பார்க்கிறோம்.

அன்று காலை வேலைக்கு வரும்போதே நெஞ்சில் ஒரு கனம். கூட வேலை செய்பவர் லீவு. வார்டில் என் மகள் வயதுத் தாதி ஒருத்தியிடம் போய், "சுகர் பாக்கணும், கொஞ்சம் ரெத்தம் எடுத்துத் தாங்க மகள்" என்று பொய் சொன்னேன். குழாயில் என் பெயரை நானே எழுதி மெஷினில் வைத்தேன். ட்ரோபோனின் அளவு சாதாரணமாகத்தான் இருந்தது. வாயுவாக இருக்கும் என்று இஞ்சி போட்டு, பால் இல்லாத பிளேன்டி குடித்தேன்.

முதல் இரத்தத்தில் தெரியாவிட்டாலும் சில மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். எத்தனையோ குடும்பங்களுக்கு இதைச் சொன்னவன் நான். மதிய லுஹர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்பும்போது கனம் இடது கைக்கு இறங்கியது. மறுபடியும் அந்தத் தாதியிடம் போனேன்.

"என்ன சேர், சுகர் கூடவா?"

"ஓம்" என்றேன்.

இம்முறை எண் எல்லையைத் தாண்டிப் பல மடங்கு போயிருந்தது. வேறு யாருடையதாவது என்றால் உடனே வார்டுக்குப் போன் எடுத்திருப்பேன். என் எண்ணை யாரிடம் சொல்வது? மனைவி மவுத்தாகி மூன்று வருடம். கத்தாரில் இருக்கும் மகளுக்கு எடுத்தேன். வேலை நேரம், மணி அடித்து ஓய்ந்தது. பதில் வராதது ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது. எடுத்திருந்தால் எப்படித் தொடங்கியிருப்பேன்?

மெஷின் அச்சடித்த முடிவுத் துண்டை எடுத்துக்கொண்டு மெதுவாக வார்டுக்கு நடந்தேன். இளம் டொக்டர் அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இது எந்தக் கட்டில் சேர்?"

"கட்டில் இன்னும் தரல்ல டொக்டர். இது என்ட."

அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தாதி மாத்திரைகளோடு ஓடிவந்தாள். பிறகு படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்: "கூட ஆரு சேர் இரிக்காங்க?"

நான் மகள் எடுக்காத போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அவள் அந்த இடத்தைத் தாண்டி எழுதத் தொடங்கினாள்.

மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் அடைப்பை நீக்கினார்கள். மகள் வந்து பன்னிரண்டு நாள் நின்றாள். "காலையிலயே ஏன் வாப்பா ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல?" என்று அழுதாள். சொல்லிப் பழக்கமில்லாமல் போய்விட்டது என்பதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

இப்போது நாள் தவறாமல் போன் எடுக்கிறாள். "நெஞ்சு நோகுதா வாப்பா?" "இல்ல மகள்." அதற்குமேல் எங்களுக்குக் கதைக்க ஒன்றும் வருவதில்லை. ஆனாலும் இரண்டு பேருமே போனை உடனே வைப்பதில்லை.