எண்ணெய் குடித்த வார்

ராணிப்பேட்டையில் நான் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில், தோலுக்குப் புங்க எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர் இருந்தார். ஒல்லி ஆள், முழங்கை வரை மினுமினுப்பு. தோல் என்று எதைக் கண்டாலும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். என் செருப்பைக்கூட விட்டதில்லை. "பசியில கெடக்குதுப்பா, இத்தினி எண்ணெய் காட்டு" என்பார்.

அவர் மனைவிக்கு நெஞ்சு நோய். மாட்டுவண்டிக் குலுக்கலை அவளால் தாங்க முடியவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போகவென்றே, உடைந்த மோட்டார் சைக்கிளிலிருந்து சின்ன எஞ்சினைக் கழற்றித் தன் சைக்கிளில் பூட்டினார். எஞ்சினையும் பின்சக்கரத்தையும் இணைக்க, எருமைத் தோலில் வார் அறுத்து மாட்டினார். ஷாப்பைச் சுற்றி ஓட்டிக் காட்டியபோது, "இன்னா மாமா, தொரை ஆய்ட்டியா?" என்று கத்தினோம். வெட்கமாகச் சிரித்தார்.

அவளுக்கு மூச்சு முட்டிய ஒரு காலையில், பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினார். பாதி வழியில் ஒரு மேடு. எஞ்சின் உறுமியது, வார் வழுக்கிக்கொண்டே இருந்தது, சக்கரம் சுற்றவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அவளுக்கு உயிர் இல்லை.

காரியம் முடிந்து அதே சைக்கிளோடு வேலைக்கு வந்தவரிடம், எண்ணெயில் மினுங்கிய வாரைக் காட்டிக் கேட்டேன். "எண்ணெய் பட்டா வார் வழுக்குமே மாமா?"

"கை கேக்கலப்பா. அவ ஏறப்போற வண்டியாச்சேன்னு முந்தின நாளு நல்லா ஊறவுட்டேன்." கட்டைவிரலால் வாரைத் தடவினார். "மேட்டுல, 'நான் எறங்கி நடக்கறேன், உனுக்கு பாரமா கீது'ன்னா. 'சும்மா உக்காரு, வந்துட்டோம்'ன்னேன். அப்புறம் அவ ஒண்ணுமே சொல்லலப்பா."

இன்றும் யாராவது மேட்டில் வண்டி தள்ளினால், கேட்காமலே போய்ப் பின்னால் கை கொடுக்கிறேன்.