தம்பி வீட்டில் சாப்பிட்டது நானா

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். வரப்புத் தகராறுக்குப் பிறகு தம்பி வீட்டில் கை நனைப்பதில்லை என்று இருபது வருஷம் வைராக்கியமாக இருந்தேன். போன வாரம் நானாகவே ராயகிரிக்குப் பஸ் ஏறிப் போய், அவன் வீட்டில் சோறு கேட்டுச் சாப்பிட்டேன். அவன் அழுதான். கை கழுவும்போது மயங்கி விழுந்தேன்.

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “ஆச்சி, ரத்தத்துல உப்பு குறைஞ்சு மூளை குழம்பிட்டு. நீங்க செஞ்சது எதுவும் நீங்களா செஞ்சதில்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மன்னித்தது நானில்லையா? அப்படியானால் கோபப்பட்டது மட்டும் நானா?

பக்கத்தில் நின்ற தம்பி கேட்டான்: “அப்ப உப்பு ஏறுனதும் பழைய சண்டதானாக்கா?”

இன்றைக்கு உப்பு சரியாக இருக்கிறது. யோசித்தே எழுதுகிறேன்: தம்பி, வெள்ளிக்கிழமை மறுபடியும் சாப்பிட வருகிறேன்.

ஏட்டி பேத்தி, இதைத் தம்பிக்கு வாசிச்சுக் காட்டு.